ஒட்டகத்தின் வாயும் அரிஸ்டாட்டிலும்

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதற்கு முன் நடக்கும் முதல் வேலை பல் பார்ப்பது. விற்பவர் நாலு பல் என்பார். வாங்குபவர் பேசாமல் மாட்டின் கீழ் உதட்டைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கிப் பார்ப்பார். இரண்டு பல்லா, ஆறு பல்லா, எட்டும் போட்டுக் கடை சேர்ந்ததா என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். குதிரைக்கு மொத்தம் 40 பல் என்றும், 30 மாதத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பால் பற்கள் விழும் என்றும், அடுத்த ஆண்டு நான்கு, அதற்கடுத்த ஆண்டு நான்கு என்றும், நாலரை வயதுக்குப் பின் பல் விழாது என்றும் அவர் குறித்திருக்கிறார். இன்றைய கால்நடை மருத்துவப் பாடத்திலும் ஆண் குதிரைக்கு 40 பல், முன்பற்கள் மாறும் வயது இரண்டரை, மூன்றரை, நாலரை என்றுதான் இருக்கிறது. மாட்டுக்கு இரண்டு வயதில் பல் விழத் தொடங்கும், எல்லாம் ஒன்றாக விழாது என்பதும் அவர் எழுதியதே.

தத்துவ ஞானி, அலெக்சாந்தரின் ஆசிரியர் என்றுதான் பள்ளிப் புத்தகத்தில் அவரைப் படித்தோம். அவருடைய எழுத்தில் நமக்குக் கிடைப்பதில் கணிசமான ஒரு பகுதி ஆடு, மாடு, பன்றி, மீன், தேனீ பற்றியது என்பது எனக்கே வேளாண் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

கி.மு. 384-ல் கிரேக்கத்தின் வடக்கே ஸ்டாகிரா என்ற சிறு ஊரில் அரிஸ்டாட்டில் பிறந்தார். தந்தை நிக்கோமாக்கஸ், மாசிடோனிய அரசர் அமின்டாஸின் மருத்துவர். அந்தக் காலத்து மருத்துவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு எழுத்தோடு சேர்த்து, உடலை அறுத்துப் பார்க்கவும் வீட்டிலேயே கற்றுக்கொடுப்பார்கள். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரை உறவினர் வளர்த்தார். 17 வயதில் ஏதென்ஸ் நகருக்குப் போய்ப் பிளேட்டோவின் பள்ளியில் சேர்ந்து 20 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

கி.மு. 347-ல் பிளேட்டோ இறந்தார். பள்ளியின் பொறுப்பு பிளேட்டோவின் சகோதரி மகனுக்குப் போனது. அரிஸ்டாட்டில் கடல் தாண்டி, இன்றைய துருக்கிக் கரையில் இருக்கும் அசோஸ் என்ற ஊருக்குப் போனார். அந்தப் பகுதியை ஆண்ட ஹெர்மியாஸ் அவருக்கு நண்பர். ஹெர்மியாஸ் குடும்பத்துப் பெண் பிதியாஸை மணந்துகொண்டார். பிறகு எதிரே இருக்கும் லெஸ்போஸ் தீவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினார். அந்தத் தீவைச் சேர்ந்தவர் தியோபிராஸ்டஸ். பின்னாளில் செடி கொடிகளைப் பற்றி எழுதி, தாவரவியலின் தந்தை என்று பெயர் பெற்றவர் அவர்தான். ஒருவர் விலங்கையும் மற்றவர் செடியையும் பிரித்து எடுத்துக்கொண்டதுபோல் இருவருடைய நூல்களும் அமைந்துவிட்டன.

லெஸ்போஸ் தீவின் நடுவே கடல் உள்ளே புகுந்த ஒரு கழி இருக்கிறது. அங்கே பார்த்த மீன், நண்டு, சிப்பி பற்றியெல்லாம் அவர் எழுதினார். முள் உருண்டைபோல் இருக்கும் கடல் முள்ளெலியைப் புரட்டி, அதன் அடிப்புறத்து வாயில் ஐந்து பற்கள் இருப்பதையும், அந்தத் தாடை அமைப்பு ஒரு விளக்குக் கூண்டு போல இருப்பதையும் சொன்னார். அதற்கு இன்றும் உயிரியலில் அரிஸ்டாட்டிலின் விளக்கு என்றே பெயர்.

இந்த விவரங்களை அவர் தனியாகச் சேர்க்கவில்லை. மீனவர், மேய்ப்பர், வேட்டைக்காரர், தேனீ வளர்ப்பவர், பன்றி வளர்ப்பவர் என்று பலரிடமும் கேட்டிருக்கிறார். நாங்கள் விரிவாக்கப் பணி என்று சொல்வது ஆய்வகத்திலிருந்து வயலுக்குப் போகும் பாதை. அவருடைய பாதை பட்டியிலிருந்து ஏட்டுக்கு வந்தது. காளைக்கன்றுக்குக் காயடிப்பதை அவர் எழுதியிருப்பதைப் படித்தால், பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதியது என்று தெரியும். கன்றைப் படுக்கவைத்து விதைப்பையின் அடியைக் கீறி விதைகளைப் பிதுக்கி எடுப்பார்கள். கசியும் நீர் வெளியேறுவதற்காகக் கீறலில் மயிரைத் திணிப்பார்கள். வீங்கினால் சூடு வைத்து மருந்து பூசுவார்கள் என்று படிப்படியாகச் சொல்கிறார். காயத்திலிருந்து நீர் வடிய வழி விடவேண்டும் என்பது இன்றைய அறுவை சிகிச்சையிலும் மாறவில்லை. மயிர் திணிப்பதுதான் போய்விட்டது. தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

முள் தின்னும் வாய்

ஒட்டகம் கிரேக்க நாட்டு விலங்கு அல்ல. ஆனால் அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, கி.மு. 480-ல், பாரசீக மன்னர் செர்க்சஸின் படை ஸ்டாகிரா வழியாகப் போனது. சுமை தூக்க ஒட்டகங்களும் அந்தப் படையோடு வந்தன. அந்த வட்டாரத்து மலைகளில் அப்போது சிங்கங்கள் இருந்தன. அவை இரவில் இறங்கி வந்து மாடு, குதிரை, மனிதர் எல்லோரையும் விட்டுவிட்டு ஒட்டகங்களை மட்டும் அடித்தன என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

அரிஸ்டாட்டிலின் ஒட்டகக் குறிப்புகள் விரிவானவை. அரேபிய ஒட்டகத்துக்கு ஒரு திமில், பாக்ட்ரிய ஒட்டகத்துக்கு இரண்டு என்று பிரித்தார். பசுவைப் போல நான்கு காம்பு என்றார். பாதம் அடியில் சதைப்பற்றானது. போருக்கு நடத்திப் போகும்போது பாதம் புண்ணானால் தோல் செருப்பு போடுவார்கள் என்றார். போருக்குப் பழக்கும் பெண் ஒட்டகம் சினை பிடிக்காமல் இருக்க அறுவை செய்வார்கள் என்றும் குறித்திருக்கிறார். ஒட்டகத்துக்குச் செய்த அறுவை பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அவரை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒட்டகத்தின் வாய்தான். கொம்புள்ள விலங்குகளுக்கு மேல் தாடையில் முன்பல் இல்லை என்பதை ஆடு, மாடு, மான் எல்லாவற்றிலும் அவர் பார்த்திருந்தார். மேல் பல்லுக்குப் போகவேண்டிய கெட்டியான பொருள் கொம்புக்குப் போய்விட்டது, அதனால் வாயில் குறைந்ததை ஈடுகட்டப் பல அறை கொண்ட வயிறு கிடைத்தது என்பது அவர் கணக்கு. மாட்டு வயிற்றின் நான்கு அறைகளையும் அவர் தனித்தனியாக விவரித்தார். இரண்டாவது அறைக்குக் கிரேக்கப் பெண்கள் கூந்தலுக்குப் போடும் வலையின் பெயர். கறிக்கடையில் அந்தப் பகுதியைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

இந்தக் கணக்கில் ஒட்டகம் இடித்தது. அதற்குக் கொம்பு இல்லை. ஆனாலும் மேலே முன்பல் வரிசை இல்லை, அசைபோடுகிறது, வயிறும் பல அறை. அவர் விதியைக் கைவிடவில்லை, விலக்கை மறைக்கவும் இல்லை. ஒட்டகம் தின்பது முள்ளும் குச்சியும். அதைச் செரிக்க அப்படிப்பட்ட வயிறு கட்டாயம் வேண்டும். கொம்புக்குச் செலவாகாத கெட்டிப் பொருளை இயற்கை அதன் மேலண்ணத்தைக் கடினமாக்கப் பயன்படுத்திக்கொண்டது என்று விளக்கினார். வீட்டுச் செலவைத் திட்டமிடும் சிக்கனமான குடும்பத் தலைவரைப் போல இயற்கை எதையும் வீணாக்காது என்பது அவர் எண்ணம்.

பொருள் கொம்புக்குப் போனதா அண்ணத்துக்குப் போனதா என்ற பேச்சை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஒட்டகத்தின் வயிறும் மாட்டைப் போல நான்கு அறை அல்ல, மூன்று. ஆனால் தீவனம், வாய், வயிறு மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தாரே, அதில்தான் அவர் எனக்கு ஆசிரியர். தீவனத்தைப் பற்றி மட்டும் பேசும் என்னைப் போன்ற பயிர்க்காரர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

ஒரு முறை எனக்கு நன்றாகவே சூடு பட்டது. நான் பார்த்துவந்த ஒரு கிராமத்தில் கறவைப்பசு ஒன்று நாளுக்கு நாள் மெலிந்தது. சோளத்தட்டைக்குப் பதில் பசுந்தீவனம், தாது உப்புக் கலவை, கொஞ்சம் கூடுதல் புண்ணாக்கு என்று நான் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பசு இன்னும் மெலிந்ததே தவிரத் தேறவில்லை. அந்த அம்மாவுக்குக் கடன் வாங்கி வாங்கிய மாடு. கடைசியில் கால்நடை உதவி மருத்துவர் வந்து, கையுறை போட்டு, நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கின் அடியில் ஒரு கருவேல முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. முள்ளை எடுத்துப் புண்ணைக் கழுவ பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பட்டியலில் ஒரு தவறும் இல்லை. மாட்டால்தான் அதைத் தின்ன முடியவில்லை.

மென்ற தீவனம் உருண்டையாகக் கீழே விழுவது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, வாயில் துர்நாற்றம், தாடையில் வீக்கம், எச்சில் ஒழுகுவது ஆகியவை வாயில் கோளாறு என்பதற்கான அடையாளங்கள். ஆனால் எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடவே கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எண்ணாமல் விட்ட பற்கள்

ஒட்டகத்தின் மேல் தாடையில் முன்பல் இல்லை என்றது முழு உண்மை அல்ல. நடுவில் மாட்டைப் போல வெறும் ஈறுதான். ஆனால் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு வெட்டுப்பல், அதன் பின்னே கோரைப்பல் என்று கூர்மையான பற்கள் உண்டு. வளர்ந்த ஒட்டகத்துக்கு மொத்தம் 34 பல். மாட்டுக்கு இரண்டு வயதில் தொடங்கும் பல் மாற்றம் ஒட்டகத்துக்கு ஐந்து வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஏழு வயது வாக்கில் கோரைப்பல் எழுந்தபின் ஆண் ஒட்டகத்தின் கடி பயங்கரமானது.

அரிஸ்டாட்டில் எண்ணாமல் விட்ட அந்தப் பற்களால்தான் இன்று ராஜஸ்தான் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை. பருவகாலமான குளிர் மாதங்களில் ஆண் ஒட்டகங்கள் ஒன்றையொன்று கடித்துச் சண்டையிடும்போது கீழ்த்தாடை எலும்பு உடைந்துபோகும். உடைந்த தாடை தொங்கும். ஒட்டகம் தீவனம் எடுக்காது. அப்படியே விட்டால் பட்டினியால் சாகும். மயக்க மருந்து கொடுத்து, உடைந்த இரு பக்கத்துப் பற்களையும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டி எலும்பைச் சேர்ப்பார்கள். எலும்பு கூடும் வரை மென்மையான தீவனம். பல்லையே நங்கூரமாக வைத்துத் தாடையைக் கட்டும் இந்த முறையில் பிகானேர் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நீண்ட அனுபவம் உண்டு. கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டித் தாடை வீங்குவது, பருவகாலத்தில் ஆண் ஒட்டகம் வாய்க்கு வெளியே பலூன்போல் தள்ளும் மென்னண்ணப் பை கடிபட்டு வீங்குவது ஆகியவற்றுக்கும் அறுவை செய்கிறார்கள். பையை அறுத்து எடுத்துவிட்டாலும் ஒட்டகம் பழையபடி தின்னும்.

அவருடைய எண்ணிக்கைத் தவறுகளில் உலகம் சிரித்தது வேறொன்று. மனிதர், செம்மறி, வெள்ளாடு, பன்றி நான்கிலும் ஆணுக்குப் பெண்ணைவிடப் பல் அதிகம் என்று எழுதிவிட்டார். மற்ற விலங்குகளில் இன்னும் பார்க்கவில்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். பிதியாஸின் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருக்கலாமே என்று கேலி செய்தவர்கள் பலர். எனக்கு வியப்பு அதில் இல்லை. அவருக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் வந்த ரோமானியர் பிளினியும் அதே வரியை அப்படியே எழுதினார். ஆட்டுப்பட்டி அவருக்கும் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

சிரிக்க முடியாத தவறும் ஒன்று உண்டு. வெறிநாய் கடித்தால் எல்லா விலங்குக்கும் வெறி பிடிக்கும், மனிதனுக்கு மட்டும் பிடிக்காது என்று அவருடைய விலங்கு நூலில் இருக்கிறது. இது முற்றிலும் தவறு. வெறிநோய் மனிதனுக்கும் வரும். அறிகுறி தெரிந்தபின் அநேகமாகப் பிழைப்பதில்லை. வெறிநோய் கண்ட மாடும் ஒட்டகமும் தொண்டை அடைத்ததுபோல் எச்சில் ஒழுக்கும். முள் சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டால், கையில் இருக்கும் சிறு கீறல் போதும். அப்படிக் கை விட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

அலெக்சாந்தரும் அதன் பிறகும்

கி.மு. 343-ல் மாசிடோனிய மன்னர் பிலிப் தன் 13 வயது மகனுக்குப் பாடம் சொல்ல அரிஸ்டாட்டிலை அழைத்தார். மியேசா என்ற ஊரில் பாடம் நடந்தது. இதற்கிடையே நண்பர் ஹெர்மியாஸைப் பாரசீகர்கள் வஞ்சகமாகப் பிடித்துக் கொன்றார்கள். அலெக்சாந்தர் அரசரானபின், கி.மு. 335-ல், அரிஸ்டாட்டில் ஏதென்ஸ் திரும்பி லைசியம் என்ற இடத்தில் பள்ளி நடத்தினார். வெளியூர்க்காரர் என்பதால் அந்த நகரத்தில் நிலமோ வீடோ சொந்தமாக வாங்க அவருக்கு உரிமை இல்லை.

அந்த நகரத்துக் கதை ஒன்று அவருடைய நூலில் இருக்கிறது. ஏதென்ஸில் கோயில் கட்டும்போது கல் சுமந்த ஒரு கோவேறு கழுதை, வயதாகி வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகும், வண்டி இழுக்கும் மற்றவற்றோடு சேர்ந்து நடந்து அவற்றுக்கு ஊக்கம் கொடுத்ததாம். தானியக் கடைக்காரர்கள் அதைத் தட்டிலிருந்து விரட்டக் கூடாது என்று ஊரே தீர்மானம் போட்டது. அது 80 வயது வரை வாழ்ந்தது என்கிறார். 80 என்பதை நான் நம்பவில்லை. யாரும் பல் பார்த்திருக்க மாட்டார்கள்.

கி.மு. 323-ல் அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்த செய்தி வந்ததும் ஏதென்ஸில் மாசிடோனியர் மீது கோபம் திரும்பியது. தெய்வ நிந்தனை செய்தார் என்று அரிஸ்டாட்டில் மீது குற்றம் சாட்டினார்கள். சாக்ரடீஸுக்கு நேர்ந்தது அவருக்குத் தெரியும். தாய்வழிச் சொத்து இருந்த கால்கிஸ் ஊருக்குப் போய்விட்டார். மறு ஆண்டே, 62 வயதில், வயிற்று நோயால் இறந்தார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் அவருடைய விலங்கு நூல்கள் அரபு மொழிக்குப் போயின. பாஸ்ராவில் வாழ்ந்த ஜாஹிஸ் என்ற அறிஞர் விலங்குகளைப் பற்றித் தாமே ஒரு பெரிய நூல் எழுதியபோது அரிஸ்டாட்டிலைப் பல இடங்களில் எடுத்துக்கொண்டார். ஆனால் பாலைவன மக்கள் கண்ணால் கண்டு சொல்வதையும் பக்கத்தில் வைத்து, ஒத்துவராத இடத்தில் கிரேக்கரைக் கேள்வி கேட்டார். ஒட்டகத்தோடு வாழ்ந்தவர்களின் ஊரில் வேறு எப்படி நடக்கும்!

அரிஸ்டாட்டிலின் உயில் நமக்குக் கிடைத்திருக்கிறது. முன்பே இறந்துபோன பிதியாஸின் எலும்புகளைத் தன் அருகில் வைக்க வேண்டும், அது அவளுடைய விருப்பம் என்று எழுதியிருந்தார். பிறகு தன்னோடு வாழ்ந்த ஹெர்பில்லிஸுக்குக் கால்கிஸில் தோட்டத்தை ஒட்டிய வீடோ ஸ்டாகிராவில் தகப்பன் வழி வீடோ, எது பிடிக்கிறதோ அதைக் கொடுக்கச் சொன்னார். தனக்குப் பணிவிடை செய்த அடிமைச் சிறுவர்கள் ஒருவரையும் விற்கக் கூடாது, உரிய வயது வந்ததும் விடுதலை செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. பள்ளியும் புத்தகங்களும் லெஸ்போஸ் நண்பர் தியோபிராஸ்டஸிடம் போயின.